பெருவிரல் கற்ற பாடம்

கற்பித்தலையே தொழிலாகக் கொண்டவர்களிடம் ஒரு குறை உண்டு. கற்பது எத்துணைக் கடினமான காரியம் என்பதை நாளடைவில் நாம் மறந்துவிடுகின்றோம். கரும்பலகையின் முன் நிற்பவனுக்குப் பாடம் எளிதாகவே தோன்றும்; வாங்கில் இருப்பவனுக்கன்றோ அதன் கனம் தெரியும்! இந்த உண்மையை எனக்கு உணர்த்தியது ஒரு நூலுமன்று, கல்வியாளர் ஒருவரின் சொற்பொழிவுமன்று. உள்ளங்கையில் அடங்கிவிடும் சிறு பொறியொன்றே அதனை உணர்த்திற்று. அப்பொறியை என் கையிற் கொடுத்துப் பாடஞ் சொன்னவன் பதினான்கு வயதுச் சிறுவன். என் தமக்கையின் மகன். தந்தைக்கு உபதேசித்த மகனைத் தகப்பன்சாமி என்று போற்றும் மரபில் வந்தவர்கள் நாம். எனினும், அந்நிலை நமக்கே நேரும்போது மனம் சற்றுக் கூசத்தான் செய்கின்றது.

2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் கனடா சென்று, ரொறன்ரோ நகரைச் சேர்ந்த ஸ்காபரோவில் என் தமக்கையார் இல்லத்தில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். போய் இறங்கிய மறுநாளே அக்கா ஒரு வேண்டுகோள் விடுத்தார். "தம்பி, நீ நிக்கிற நாளிலை இவனுக்குத் தமிழ் வாசிக்கப் பழக்கிவிடு. கதைக்கிறான், வாசிக்கத்தான் மாட்டான்," என்றார். எனக்கு அது பெரிய வேலையாகத் தோன்றவில்லை. அப்போது ஆசிரியத் தொழிலிற் புகுந்து பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன அல்லவா?

காலையுணவின் பின் பாடம் தொடங்கும். மருமகன் எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிப்பான். ழகரம் ளகரமாகும், றகரம் ரகரமாகும். ஒவ்வொரு பிழையிலும் நான் இடைமறித்துத் திருத்துவேன். அதுவே ஆசிரியனின் கடமை என்பது என் எண்ணம். மூன்றாம் நாள் அவனுடைய குரல் தாழ்ந்தது. நான்காம் நாள் தலையிடி என்றான். ஐந்தாம் நாள் புத்தகத்தைக் காணவில்லை. அக்கா ஒன்றும் பேசவில்லை. ஆனால் அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. எனக்கோ பையன் மீதுதான் கோபம்.

அன்று பிற்பகல் வீட்டின் பின்வளவில் அவன் ஒரு தூண்டிற்கோலுடன் நின்றுகொண்டிருந்தான். புற்றரையில் இருபது பாகம் தள்ளி ஒரு வாளி வைக்கப்பட்டிருந்தது. கோலை ஒருமுறை அசைப்பான். நூலின் நுனியிற் கட்டிய செம்மஞ்சள் நிற இறப்பர்க் குண்டு மெல்லப் பறந்துபோய் வாளியினுள் விழும். பத்துக்கு எட்டுமுறை தவறாமல் விழுந்தது. காலையில் ஒரு வரியைத் தடுமாறி வாசித்த பிள்ளையா இவன் என்று எனக்கு வியப்பாக இருந்தது. "எனக்கும் ஒருக்கால் தா," என்று கேட்டேன். நான் மரக்கறி உண்பவன் என்பதை அறிந்தவன் ஆதலின், "இதிலை முள் இல்லை மாமா, ஒண்டுக்கும் நோகாது," என்று சொல்லிக்கொண்டே கோலை நீட்டினான்.

நான் வீசினேன். ரீல் ஒருகணம் கிறீச்சிட்டது. இறப்பர்க் குண்டு என் காலடியிலிருந்து நாலைந்து முழத் தூரத்திற் பொத்தென்று விழுந்தது. கையிற் பார்த்தால், ஒழுங்காகச் சுற்றியிருந்த தங்கூசி நூல் பொங்கியெழுந்து, உள்ளும் புறமும் பின்னி, ஒரு குருவிக்கூடு போலக் கிடந்தது. அமெரிக்கத் தூண்டிற்காரரும் அதனைப் 'பறவைக்கூடு' என்றே சொல்வார்களாம்.

"மாமா, பெருவிரலை எடுத்துப்போட்டியள்," என்றான் மருமகன். அவன் சிரிக்கவில்லை.

சிக்கல் ஏன் உண்டாகின்றது?

தூண்டில் ரீல்களுள் இன்று பெருவழக்கிலுள்ளவை இரண்டு. ஒன்றில் நூல் சுற்றிய உருளை வீச்சின்போது சுழல்வதில்லை. நூற்கட்டையை நிறுத்திவைத்து அதன் தலைப்புறமாக நூலை உருவினால் எப்படி வருமோ, அப்படியே தங்கூசி வளையம் வளையமாகக் கழன்று செல்லும். அது பழக எளிது. மற்றையதே 'பெயிற்காஸ்ரிங்' ரீல். இரைவீச்சு ரீல் என்று நாம் சொல்லலாம். இது கோலின் மேற்புறத்தில் அமர்ந்திருக்கும். இதில் நூல் செல்லவேண்டுமாயின் உருளையே சுழலவேண்டும்.

யாழ்ப்பாணத்திற் பட்டம் ஏற்றி வளர்ந்தவர்களுக்கு இதன் சங்கடத்தை விளக்கவேண்டியதில்லை. பட்டம் காற்றில் விசையுடன் இழுக்கும்போது நூலுருளை கடகடவென்று சுழலும். சடுதியாகக் காற்று விழுந்து பட்டம் தளர்ந்தால், நூல் போவது நின்றுவிடும்; உருளை நிற்காது. அது தன்பாட்டிற் சுழன்று நூலைக் கக்கிக்கொண்டேயிருக்கும். பிறகு அன்று மாலை முழுவதும் சிக்கெடுப்பதே வேலை.

இரைவீச்சு ரீலிலும் நிகழ்வது இதுவே. கோலை வீசும் கணத்தில் இரை மிகுந்த வேகத்துடன் புறப்பட்டு உருளையைச் சுழலச் செய்கின்றது. ஆனால் காற்றின் தடையால் இரையின் வேகம் கணத்துக்குக் கணம் குறைகின்றது. உருளைக்கோ அத்தடை இல்லை. இயங்கும் பொருள் இயங்கிக்கொண்டேயிருக்க முயலும் என்று பௌதிக வகுப்பிற் படிக்கின்றோமே, அந்தச் சடத்துவமே இங்கே குற்றவாளி. இரை ஏற்பதைவிட மிகுதியான நூலை உருளை வெளிவிடும்போது, அந்த மிகுதி வெளியேற வழியின்றி உருளையின் மீதே பொங்கிப் பின்னிக்கொள்கின்றது. இரை நீரைத் தொடும் கணத்தில் ஆபத்து இன்னும் அதிகம். இரை நின்றுவிடும், உருளை நில்லாது.

இவ்வளவு தொல்லை தரும் கருவியை ஏன் விரும்புகின்றார்கள் என்று கேட்கலாம். கனத்த நூலையும் கனத்த இரையையும் இது நன்கு தாங்கும். நீர்ச்செடிகளுக்குள் ஓடி ஒளியும் மீனை இழுத்தெடுக்கும் வலிமை இதற்கு உண்டு. எல்லாவற்றிலும் மேலாக, பறக்கும் இரையை வேண்டிய இடத்தில் வேண்டிய கணத்தில் நிறுத்த இதனால் முடியும். நூல் முழுவதும் பெருவிரலின் கீழே சுழல்வதால் வரும் வசதி அது.

மணிக்கூட்டுக்காரர் தந்த கருவி

இப்பொறியின் வரலாறும் சுவையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில், அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்துப் பாரிஸ் என்னும் சிற்றூரில் ஜோர்ஜ் ஸ்னைடர் என்ற மணிக்கூட்டுத் தொழிலாளர் வாழ்ந்தார். தூண்டிற்பிரியரான அவர், தம் தொழிலுக்குரிய நுட்பத்துடன் ஒரு ரீலைச் செய்துகொண்டார். பற்சக்கரங்களின் உதவியால் கைப்பிடி ஒருமுறை சுற்ற உருளை பலமுறை சுற்றும் அமைப்பு அது. அத்தகைய ரீல்கள் இங்கிலாந்தில் முன்னரே இருந்தன. ஆயினும், ஒரு சிறு மீனை இரையாகக் கட்டி வீசினால், அதன் கனத்துக்கே தடையின்றிச் சுழலும் மென்மை கென்ரக்கி ரீல்களுக்கே வாய்த்திருந்தது. அவரைத் தொடர்ந்து, அதே மாநிலத்தின் தலைநகரான பிராங்க்போர்ட்டில் ஜொனதன் மீக், பெஞ்சமின் மீக் என்னும் சகோதரர் இத்தொழிலைப் புகழ்பெறச் செய்தனர். அவர்களும் மணிக்கூட்டுக்காரரே. அவர்களுடைய பட்டறையிற் பயின்ற பெஞ்சமின் மைலம் என்பவரும் பெரும்பெயர் பெற்றார்.

அக்காலத்து ரீல்களில் நூலை ஒரே மட்டமாகச் சுற்றும் ஏற்பாடு இல்லை. விரலால் இடமும் வலமும் தள்ளித்தள்ளிச் சுற்றவேண்டும். இக்குறையைப் போக்க, நூலை இங்குமங்கும் கொண்டுசெல்லும் ஒரு கருவியை 1890களின் பிற்பகுதியில் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரத்தவர் ஒருவர் அமைத்தார். அவருடைய பெயர் வில்லியம் சேக்ஸ்பியர்! ஆங்கில நாடகாசிரியரின் பெயரையே தாங்கிய இம்மனிதரின் புகழ் தூண்டிற்காரரிடையே நெடுங்காலம் நிலைத்தது.

பின்னர், 1950களின் தொடக்கத்தில் சுவீடன் தேசத்து ஆபு நிறுவனம் 'அம்பாசடர்' என்ற ரீலை வெளியிட்டது. வீசும்போது கைப்பிடி சுழலாமல் உருளை மாத்திரம் சுழலும் வசதியும், மையநீக்க விசையால் இயங்கும் தடுப்பும் அதில் ஒன்றாக அமைந்திருந்தன. அந்நிறுவனமும் 1921இல் ஒரு மணிக்கூட்டுத் தொழிற்சாலையாகத் தொடங்கப்பட்டதே. நொடியை அளந்தவர்களின் கைகளே இப்பொறியை வளர்த்தன. இதனைப் பயன்படுத்துவோனும் நொடியை அளக்கத் தெரிந்தவனாதல் வேண்டும்.

மூன்று கடிவாளங்கள்

ஓடும் உருளையை அடக்குவதற்கு மூன்று கடிவாளங்கள் உள என்று மருமகன் எனக்குச் சொல்லித்தந்தான்.

முதலாவது, ரீலின் பக்கத்திலுள்ள ஒரு சிறு திருகு. கைப்பிடி இருக்கும் பக்கத்தில் அமைந்திருப்பது அது. கோலைக் கிடையாகப் பிடித்துக்கொண்டு, உருளையை விடுவிக்கும் பொத்தானை அழுத்தினால் இரை கீழே இறங்கும். அது விழுந்தடித்து இறங்கலாகாது, மெதுவாக இறங்கவேண்டும். நிலத்தைத் தொட்டவுடன் உருளையும் நின்றுவிடவேண்டும். அந்த அளவுக்குத் திருகை இறுக்கவேண்டும். இரையின் கனம் மாறும்போதெல்லாம் இதனை மீண்டும் சரிபார்த்தல் அவசியம்.

இரண்டாவது, ரீலின் உள்ளேயிருக்கும் தடுப்பு. இது இருவகைப்படும். ஒருவகையில், உருளை வேகமாகச் சுழலும்போது சிறு கட்டைகள் வெளிப்புறமாக விலகி ஒரு வளையத்துடன் உராய்ந்து வேகத்தைக் குறைக்கும். 1980களிற் பரவிய மற்றைய வகையிற் காந்தங்கள் வேலை செய்கின்றன. அலுமினிய உருளை காந்தத்துக்கு அருகே சுழலும்போது அதனுட் சுழிப்பு மின்னோட்டங்கள் தோன்றுகின்றன. லென்சின் விதிப்படி அவை தம்மைத் தோற்றுவித்த இயக்கத்தையே எதிர்க்கின்றன. வேகம் கூடக்கூடத் தடையும் கூடும். வேகம் குறையத் தடையும் குறையும். ஒன்றையொன்று தொடாமலே நிகழும் இத்தடுப்பை, உயர்தர வகுப்பு மாணவர் பாடநூலில் மாத்திரம் படித்து மறந்துவிடுகின்றனர். கண்முன்னே அது தொழிற்படுவதைக் காண எனக்கே மகிழ்ச்சியாக இருந்தது. இந்த நூற்றாண்டிலோ, சிறு மின்னணுக் கருவியொன்று கணந்தோறும் வேகத்தை அளந்து தடுப்பை மாற்றும் ரீல்களும் வந்துவிட்டன.

மூன்றாவது கடிவாளம் பெருவிரல். முன்னிரண்டும் இல்லாத காலத்திலும் இது இருந்தது. அவை எவ்வளவு வளர்ந்தபோதும் இதற்கு ஓய்வு கிடைக்கவில்லை. வீசுமுன் பெருவிரல் உருளையை முழுதாக அழுத்தியிருக்கவேண்டும். வீச்சின் உச்சியில் அதனைத் தளர்த்தவேண்டும். தளர்த்துவதென்றால் எடுத்துவிடுவதன்று. ஓடும் நூலின் மேல் இறகு தொடுவதுபோலத் தொட்டுக்கொண்டேயிருக்கவேண்டும். நூல் மேலெழும்புவதாக விரல் உணர்ந்தால் சற்றே அழுத்தவேண்டும். இரை நீரைத் தொடுவதற்குச் சற்று முன்னர் முழுதாக அழுத்தி உருளையை நிறுத்திவிடவேண்டும். ஏகலைவனிடம் துரோணர் ஏன் பெருவிரலைக் கேட்டார் என்பது அன்று எனக்கு நன்றாக விளங்கிற்று. விடவேண்டிய கணத்தை அறிவது அந்த விரல்தான்.

பின்வளவிற் பயின்றவை

அடுத்த ஏழு நாட்களும் மாலைதோறும் நான் மாணவன், அவன் ஆசிரியன். கற்க விரும்புவோருக்குப் பயன்படுமாதலின் அவன் வகுத்த ஒழுங்கை இங்கே குறிக்கின்றேன்.

தொடக்கத்தில் இலேசான இரை ஆகாது. ஏறக்குறைய 14 கிராம், அதாவது அரை அவுன்சுக் குண்டே ஏற்றது. மிக இலேசானது உருளையைச் சீராக இழுக்காது. நூலும் தடித்த ஒற்றை இழைத் தங்கூசியாக இருத்தல் நன்று. சிக்கெடுக்க அதுவே இலகு. உள்ளே தடுப்பை முதலிற் கூட்டிவைத்துப் பழகி, விரல் தேறத்தேற அதனைக் குறைத்துக்கொண்டு வரவேண்டும். தூரத்தை நாடுதல் கூடாது. பத்துப் பன்னிரண்டு மீற்றருக்கு அப்பால் ஒரு வாளியை வைத்து, அதனருகே விழச்செய்தாற் போதும். தூரம் பின்னர் தானாக வரும்.

கோலைப் பிடிக்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. வீசும்போது மணிக்கட்டைச் சற்றுத் திருப்பி, ரீலின் கைப்பிடி மேல்நோக்கியிருக்குமாறு கோலைப் பிடித்தால் மணிக்கட்டு தடையின்றி அசையும். கோலைப் பின்னே கொண்டுசென்று, அது இரையின் கனத்தால் வளைவதை உணர்ந்த பின்னரே முன்னே செலுத்தவேண்டும். வில்லாக வளையும் கோலே இரையை எய்கின்றது. கையின் பலம் அன்று. விரலை முந்தித் தளர்த்தினால் இரை ஆகாயத்தை நோக்கும். பிந்தித் தளர்த்தினாற் காலடியில் விழும். எதிர்காற்று வீசும்போது தடுப்பைக் கூட்டி, தாழ்வாகப் பக்கவாட்டில் வீசவேண்டும்.

இன்னுமோர் உபாயம். வேண்டிய தூரத்துக்கு மேலாகச் சிறிது நூலை உருவியெடுத்துவிட்டு, எஞ்சியிருக்கும் நூலின்மேல் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டிப் பின் சுற்றிக்கொண்டால், எவ்வளவு மோசமான சிக்கலும் அந்த நாடாவுக்குக் கீழே இறங்காது. தவறுவதற்கு முன்னதாகவே தவறுக்கு ஓர் எல்லை கட்டிவைக்கும் இந்த உபாயத்தை நான் மிகவும் மெச்சினேன்.

முதல்நாள் நான் வீசிய முப்பதில் இருபதுக்கு மேற்பட்டவை குருவிக்கூடாயின. நான்காம் நாள் அது பாதியாயிற்று. ஏழாம் நாள் ஐந்துக்கு ஒன்று. அவற்றைவிட என் மனத்திற் பதிந்தது வேறொன்று. வீச்சு முடியும்வரை அந்தப் பிள்ளை வாய்திறந்ததில்லை. கோல் என் கையிலிருக்க ஒருபோதும் அதனைப் பறித்ததில்லை. நூல் சிக்குண்டபின் அருகே வந்து, ஒரேயொரு குறையை மாத்திரம் சொல்லுவான். என் நிற்கும் நிலை பிழை, மணிக்கட்டுப் பிழை, விரல் பிழை என்று அவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஆயினும் அன்றைக்கு விரல் என்றால் விரல் மாத்திரமே. "நான் பழகேக்கை இதைவிட மோசம் மாமா," என்று ஒருநாள் சொன்னான். அது மெய்யோ, என்னைத் தேற்றுதற்குச் சொன்னதோ, அறியேன்.

சிக்கெடுப்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தான். முதல்நாள் நான் கத்திரிக்கோல் கேட்டேன். அவன் தலையசைத்துவிட்டு, பெருவிரலால் உருளையை இறுக அழுத்திக்கொண்டு கைப்பிடியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினான். பின் நூலை மெல்ல உருவினான். கண்ணெதிரே பெரும்பகுதி அவிழ்ந்து வந்தது. "இது முடிச்சில்லை மாமா; வெறும் வளையந்தான். அவசரப்பட்டு இழுத்தால்தான் முடிச்சாகும்," என்றான்.

பெருவாய்ப் பாஸ்

இத்தனை பயிற்சியும் எந்த மீனுக்காக? பாஸ் என்ற பெயர் உலகிற் பல மீன்களுக்கு வழங்குகின்றது. இங்கே குறிப்பது வட அமெரிக்காவின் நன்னீர்நிலைகளில் வாழும் பெருவாய்ப் பாஸ். பச்சை நிற உடலும், பக்கத்திற் கரிய நெடுங்கோடும் உடையது. வாயை மூடியிருக்கும்போது மேற்றாடையின் முனை கண்ணையும் கடந்து நிற்கும்; அதன் இனத்ததாகிய சிறுவாய்ப் பாஸுக்கு அவ்வாறு நில்லாது. இது நீர்ச்செடிகளின் நிழலிலும் விழுந்த மரங்களின் அடியிலும் அசையாது காத்திருந்து, அருகே வரும் சிறுமீனையும் தவளையையும் நண்டினத்து உயிர்களையும் பாய்ந்து விழுங்கும். ஆதலின் இதன் வாசலிலேயே இரையை வீழ்த்தவேண்டும். ஒரு முழம் தவறினால் அது வாராது. பெரும் ஓசையுடன் விழுந்தால் வெருண்டோடும். இரைவீச்சு ரீலும் பெருவிரலும் இன்றியமையாதவை ஆனது இக்காரணத்தினாலேயே.

இம்மீனிடத்துப் போற்றத்தக்க பண்பு ஒன்று உண்டு. வசந்த காலத்தில் ஆண்மீன் ஆழமில்லாத நீரில் வாலால் மண்ணை விலக்கிக் குழிபோன்ற கூடமைக்கும். பெண்மீன் முட்டையிட்டுச் சென்றபின் காவலிருப்பது ஆண்மீனே. முட்டைகளையும், பொரித்த குஞ்சுகளையும் நாட்கணக்கிற் பகைவரிடமிருந்து காக்கும். அவ்வேளையில் தந்தையைத் தூண்டிலிற் பிடித்துவிட்டால், சிறிது நேரத்துக்குள்ளேயே வேறு மீன்கள் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடும். ஒன்ராறியோ மாகாணத்தின் தென்பகுதி ஏரிகளில், ஜூன் மாதப் பிற்பகுதிவரை பாஸ் பிடிப்பதைத் தடுத்திருப்பது இதற்காகவே.

இதன் நிறைச் சாதனையும் பேர்பெற்றது. 1932 ஜூன் 2ஆம் நாள், ஜோர்ஜியா மாநிலத்தில் ஜோர்ஜ் பெரி என்னும் ஏழை இளைஞர் 22 இறாத்தல் 4 அவுன்சு நிறையுள்ள பாஸைப் பிடித்தார். பொருளாதார நெருக்கடிக் காலம் அது. அந்த மீன் அவர் குடும்பத்துக்கு உணவாயிற்று. எழுபத்தேழு ஆண்டுகளின் பின்னர், 2009இல் யப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிதா என்பவர் பிடித்த மீன் அதனைவிட ஓர் அவுன்சுக்கும் குறைந்த அளவே கூடியிருந்தது. சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்சாவது கூடவேண்டும் என்பது விதி. ஆகவே இருவரும் சமம் எனத் தீர்ப்பாயிற்று. யப்பானுக்கு இம்மீன் 1925இல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டது. அது அங்குள்ள சுதேச மீன்களைப் பெரிதும் அழித்தமையால், 2005இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்கீழ் அதனை உயிருடன் கொண்டுசெல்வதும் வேறிடத்தில் விடுவதும் தடுக்கப்பட்டன. ஓரிடத்துக்கு அழகானது வேறோரிடத்துக்குக் கேடாகலாம்.

ஏரியில் ஒரு காலை

நான் ஊர் திரும்புவதற்கு நான்கு நாட்களுக்கு முன்னர், அத்தான் எங்களை ஸ்கூகொக் ஏரிக்கு அழைத்துச்சென்றார். ரொறன்ரோவுக்கு வடகிழக்கே ஒரு மணிநேரப் பயணம். 1830களில் லிண்ட்சே என்னுமிடத்திற் கட்டப்பட்ட அணையினால் விரிந்த ஏரி அது; ஆழம் மிகக் குறைவு; செடிகள் நிறைந்தது. வெளிநாட்டவனாகிய நான் அனுமதிச்சீட்டுப் பெற்றுக்கொண்டேன். அம்மாகாணத்திற் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அதனை வாங்கவேண்டியதில்லை.

விடியும் வேளை. வாடகைப் படகில் அல்லி இலைகளின் ஓரமாகச் சென்றோம். என் நூலில் மருமகன் மென்மையான பொய்யிரை ஒன்றைக் கட்டினான். முள்ளின் எதிர்க்கூரைக் குறட்டால் நசுக்கி மழுக்கிவிட்டான். கழற்றும்போது மீனுக்கு நோவு குறையுமாம். முதலிரு வீச்சும் சிக்கலாயின. மூன்றாவது, இலைகளுக்கிடையேயிருந்த ஒரு சிறு வெளியில், பழுத்த இலை விழுவதுபோல ஓசையின்றி இறங்கிற்று. நீரைத் தொடுமுன்னே உருளையை நிறுத்தியது என் பெருவிரல்; நான் நினைத்து நிறுத்தவில்லை. விரலே அறிந்து நிறுத்தியது.

மறுகணம் கோல் வளைந்தது. நீர் வெடித்து, ஒரு பச்சை மீன் தலையை உதறிக்கொண்டு மேலே எழுந்து விழுந்தது. என் நெஞ்சு படபடத்தது. மகிழ்ச்சியா அச்சமா என்று பிரித்தறிய முடியவில்லை. படகருகே வந்ததும் மருமகன் தன் கையை முதலில் நீரில் நனைத்தான். மீனின் உடலை மூடியிருக்கும் வழுவழுப்பே அதற்குக் காப்பு. உலர்ந்த கை பட்டால் அது கெட்டுவிடும். கீழ்த்தாடையைப் பற்றித் தூக்கி, முள்ளைக் கழற்றி, மீண்டும் நீருள் விட்டான். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தன. மீன் ஒருகணம் நின்று, பின் மறைந்தது.

உண்மையைச் சொல்லவேண்டும். பிடித்ததில் எனக்கு உவகை உண்டாயிற்று. அந்த உவகைக்காக ஓர் உயிர் வருந்திற்றே என்ற உறுத்தலும் உடனே உண்டாயிற்று. விடப்படும் மீன்கள் எல்லாம் பிழைப்பதில்லை என்பதையும் நான் அறிவேன். அன்று எஞ்சிய நேரத்தில் இறப்பர்க் குண்டையே நான் வீசிக்கொண்டிருந்தேன். மருமகன் ஏனென்று கேட்கவில்லை.

மறுநாட் காலை

மறுநாட் காலை நான் அழைக்காமலே அவன் புத்தகத்துடன் வந்து அமர்ந்தான். வாசிக்கத் தொடங்கினான். இரண்டாம் வரியிலேயே 'பழம்' 'பளம்' ஆயிற்று. திருத்தும் சொல் என் நாவின் நுனிவரை வந்தது. அப்போது என் வலக்கைப் பெருவிரல் தன்னையறியாமலே மேசையை அழுத்துவதைக் கண்டேன். வீச்சு முடியும்வரை அவன் பேசாதிருந்தது நினைவுக்கு வந்தது. நான் பேசாதிருந்தேன்.

அவன் தட்டித்தடவி அந்தப் பந்தியை முடித்தான். எட்டோ ஒன்பதோ பிழைகள் இருந்தன. நான் ஒன்றை மாத்திரம் சொன்னேன்: நாவின் நுனி எங்கே மடியவேண்டும் என்பதை. அவன் மீண்டும் வாசித்தான். 'பழம்' பழமாகவே வந்தது. நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். அடுக்களை வாசலில் அக்கா கேட்டுக்கொண்டு நின்றதை அதன் பிறகே கண்டேன்.

எஞ்சிய நாட்களில் ஒரு சிறுகதை முழுவதையும் அவன் வாசித்து முடித்தான். நான் புறப்பட்ட அன்று அந்தச் செம்மஞ்சள் இறப்பர்க் குண்டை என் கைக்குள் வைத்தான். இன்று அது கல்லூரியில் என் மேசைமேல் இருக்கின்றது. மாணவர் வாசிக்கும்போது அதனை விரல்களிடையே உருட்டிக்கொண்டு கேட்பது என் வழக்கமாகிவிட்டது. பதினாறு ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகளின் வீச்சை நான் பாதியிற் பிடித்து நிறுத்தியிருப்பேன் என்ற எண்ணம் இடையிடையே வந்து வருத்தும். அவர்கள் இப்போது என் வகுப்பில் இல்லை. இருப்பவர்கள் ஒரு பந்தியையாவது முழுதாக வாசித்து முடிக்கட்டும்.

பெருவிரலை முழுதாக அழுத்தினால் வீச்சே இல்லை. முழுதாக எடுத்துவிட்டால் எல்லாம் சிக்கல். தொட்டும் தொடாமலும் இருந்து, அழுத்தவேண்டிய கணத்தில் அழுத்தவேண்டும். அந்தக் கணம் எதுவென்று புத்தகம் சொல்லித்தராது. பல குருவிக்கூடுகளைப் பொறுமையுடன் அவிழ்த்த பின்னரே விரலுக்கு அது தெரியவருகின்றது.